வீட்டில் இணைத்த கணினி திடீரென நிற்பது: பழுதறிதலின் வரலாறு

உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே இணைத்த மேசைக்கணினி, காரணம் எதுவும் காட்டாமல் உறைந்து நிற்பதும் தானாக மறுதொடக்கம் ஆவதும் பலரும் அறிந்த தொல்லை. பேச்சுவழக்கில் இதை ‘ஹேங் ஆகிறது’, ‘ரீஸ்டார்ட் ஆகிறது’ என்பர். எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், வைரஸ் என்று கருதி வன்தட்டை ஃபார்மட் செய்துவிடுவது நெடுநாள் வழக்கம். இதனால் குடும்பப் படங்களும் மாணவர்களின் ஆய்வேடுகளும் அழிந்தன. பல வேளைகளில் பழுது மட்டும் அப்படியே இருந்தது. இப்பழுதின் காரணங்கள் ஒவ்வொன்றாக எவ்வாறு வெளிப்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழகத்தில் இணைப்புக் கணினி

1984 நவம்பரில் இந்திய அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் உதிரிபாகங்கள் இன்னும் எளிதாகக் கிடைத்தன. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மின்னணுப் பொருள்களுடன் கணினிப் பாகங்களுக்கும் பெரிய சந்தையாயிற்று. மதர்போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், கேபினட் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி இணைத்தால் நிறுவனக் கணினியைவிட விலை குறைவு. திருவண்ணாமலை போன்ற ஊர்களின் வீடுகளுக்கும், வெளிநாட்டினர் வந்து தங்கும் ரமணாசிரமப் பகுதி போன்ற இடங்களின் இணைய நிலையங்களுக்கும் இவ்வகைக் கணினி ஏற்றதாக இருந்தது.

இதில் ஒரு குறையும் உண்டு. நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் ஒன்றாக ஓடவிட்டுச் சோதித்த பிறகே விற்கின்றன. வீட்டில் இணைப்பவருக்கு அந்தச் சோதனையும் தம் பொறுப்பே.

நினைவகப் பிழைகள்

1978-இல் இன்டெல் நிறுவனத்தின் மே, வுட்ஸ் என்ற இருவர், நினைவகச் சில்லுகளில் அவ்வப்போது ஒரு பிட் தானாக மாறுவதற்குக் காரணம் கண்டனர். சில்லின் உறையில் தடமளவில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்களே அக்காரணம்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசி, ஒவ்வோர் எட்டு பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு சரிபார்ப்பு பிட் வைத்திருந்தது. பிழை நேர்ந்தால் செய்தி காட்டி நின்றுவிடும். 1990-களின் நடுவில், விலையைக் குறைப்பதற்காக வீட்டுக் கணினிகளில் இந்த ஒன்பதாவது பிட் கைவிடப்பட்டது. அதன்பின் நினைவகப் பிழை சத்தமில்லாமல் நுழைந்தது. ஒருநாள் கோப்பில் ஓர் எழுத்து மாறும். மறுநாள் கணினியே உறையும்.

அக்காலத்தில்தான் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரல் பரவியது. இயக்குதளம் இல்லாமலே இயங்கி, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்து ஒப்பிடுவது இதன் வேலை. 2009-இல் கூகுள் தரவு மையங்களில் நடந்த ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை காணப்பட்டது. பெரும்பாலானவை தற்செயல் துகள்களால் வந்தவை அல்ல, பழுதான வன்பொருளில் திரும்பத் திரும்ப வந்தவை என்பது அதன் முக்கிய முடிவு. பலகையை மாற்றினால் இத்தகைய பிழை தீரும்.

மின்தேக்கியும் மின்சாரமும்

எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை மதர்போர்டு ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துச் செயலிக்கு அளிக்கிறது. அதில் ஏற்ற இறக்கம் வராமல் காப்பவை மின்தேக்கிகள். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, தரமற்ற மின்பகுதிரவம் கொண்ட மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளில் இடம்பெற்றன. அவை தலைப்பகுதி புடைத்துக் கசிந்தன. டெல் நிறுவனம் 2005-இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்கியது.

வலுவிழந்த மின்தேக்கி, கடிதம் தட்டச்சு செய்யும்போது தாக்குப்பிடிக்கும். வேலைப்பளு கூடி மின்தேவை உயரும்போதே தோற்கும். பழுது ‘நினைத்தபோது’ வருவதுபோல் தோன்ற இதுவே காரணம். வலுக்குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸும் இப்படியே நடக்கும்.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தில் நிலவிய நீண்ட மின்வெட்டு வீடுகளில் யுபிஎஸ்ஸைப் பெருக்கியது. ஆனால் யுபிஎஸ் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் காக்கும். உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் குறையை அதனால் ஈடுசெய்ய முடியாது.

வெப்பம்

2000-இல் வந்த பென்டியம் 4, சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் திருவண்ணாமலை போன்ற ஊர்களில், விசிறியில் படியும் தூசும் உலர்ந்த வெப்பப் பசையும் இதற்குப் போதும்.

ஆய்வு காட்டியது

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் கணினிகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்தனர். வன்பொருளால் ஒருமுறை நின்ற கணினி மீண்டும் நிற்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றும், செயலியைக் குறித்த வேகத்தைவிடக் குறைத்து ஓட்டினால் பழுது குறைகிறது என்றும் கண்டனர்.

2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் விளையாட்டுகள் இடையில் நின்றன. திரையில் வந்த செய்தியோ வரைகலை நினைவகம் போதவில்லை என்றது. தவறு செயலிக்குச் சென்ற மிகை மின்னழுத்தத்தில் இருந்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. பிழைச் செய்தி சுட்டும் இடமும் பழுதான இடமும் வேறாக இருக்கலாம் என்பதற்கு இது அண்மைச் சான்று.

பழுதறியும் முறை

இந்த அனுபவங்களிலிருந்து உருவான வரிசை இது:

1. முதலில் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுக்க வேண்டும்.
2. எந்த வேலையின்போது நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது எனத் தேதியுடன் குறிக்க வேண்டும்.
3. பயாஸ் அமைப்புகளை இயல்புநிலைக்கு மாற்ற வேண்டும்.
4. பென்டிரைவிலிருந்து லினக்சை இயக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் நின்றால் வன்பொருளையே ஐயுற வேண்டும். அப்போது ஃபார்மட் செய்வதால் பயனில்லை.
5. ராம் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, இரவு முழுதும் மெம்டெஸ்ட்86 ஓட்ட வேண்டும்.
6. மின்னிணைப்பைத் துண்டித்துத் தூசு நீக்கி, புடைத்த மின்தேக்கி உண்டா எனப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கக் கூடாது; அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.
7. நல்ல நிலையிலுள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் கணினி சரியாகலாம். பழுது எதில் இருந்தது என்பது தெரியாமலே போகும், நல்ல பாகத்துக்கும் சேர்த்துப் பணம் செலவாகும்.