குதிரைக்குப் புல் அறுத்தவள்

திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்து ஊர் எல்லைகளில் அய்யனாரின் குதிரைகள் நிற்கின்றன. பழையவை சுடுமண், புதியவை சிமெண்டும் பெயிண்டும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊராவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தப் பக்கத்து மண் குதிரையாகிக்கொண்டிருந்தது. குயவர் வீட்டுப் பெண்கள் மண்ணைச் சலித்து, மிதித்து, பதமாக்கிக் கொடுப்பார்கள். சக்கரத்தைத் தொடும் உரிமை தமிழகத்தின் பல ஊர்களில் அவர்களுக்கு இருந்ததில்லை. எல்லைக் குதிரைகள் மிரளாதவை. இரவில் ஊரைச் சுற்றிவரும் சாமியைச் சுமக்கிற குதிரை மிரளக் கூடாது அல்லவா.

உயிருள்ள குதிரையின் இயல்பு வேறு. கொன்று தின்னும் விலங்குகளிடமிருந்து ஓடியே பிழைத்த இனம் அது. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறத்தாழச் சுற்றிலும் பார்க்கும். இரண்டு காதுகளையும் தனித்தனியே திருப்பிக் கேட்கும். கொடியில் காயும் துணி படபடத்தால் போதும், உடம்பு முழுக்க ஓட்டத்துக்குத் தயாராகிவிடும். இப்படிப்பட்ட விலங்கைப் போர்க்களத்துக்கும் பட்டணத்துத் தெருவுக்கும் பழக்கியது யார் என்று கேட்டால், நம் கதைகள் அரசனையும் வீரனையும் ராவுத்தனையும் காட்டுகின்றன. அதற்குத் தீனி போட்டது யார் என்று கேட்டுப் பார்த்தால் வேறொருத்தி வந்து நிற்கிறாள்.

தமிழ்நாட்டுக்குக் குதிரை பெரும்பாலும் கடல் வழியாக வந்த சரக்கு. பட்டினப்பாலை காலத்திலேயே அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர்களுக்காக ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைமுகங்களிலிருந்து காயல் வரை குதிரைக் கப்பல்கள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்றும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அதே காலத்தில் வந்த மார்கோ போலோ, பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் குதிரைகள் செத்துக்கொண்டே இருந்ததைச் சொல்கிறார். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் கொடுமை. வந்திறங்கிய குதிரையை 40 நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள், பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் துடிப்பான குதிரைகூட மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் இதை வெளியே போன தங்கத்தின் கணக்காகப் படிப்பார்கள். நான் பயத்தின் கணக்காகவும் படிக்கிறேன். குதிரையின் இரைப்பை சிறியது. அதில் அமிலம் இடைவிடாமல் சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறும். அதனால் திறந்தவெளியில் விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம்கூட மேய்ந்துகொண்டிருக்கும். நார்த்தீனி இல்லாமல் கட்டிப்போட்டால் வயிறு புண்ணாகும், மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடும். கடைசியில் எதற்கும் அசையாமல் நிற்கும். ஒடுங்கிப்போன மருமகளை ‘சாது’ என்று மெச்சும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு வஸ்ஸாஃப் சொல்லும் மந்தம் என்னவென்று புரியும்.

நம் கதைகள் கொண்டாடுவது அடக்குதலை. செஞ்சியின் தேஜ்சிங், மக்கள் வாயில் தேசிங்கு ராஜன், 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நடந்த போரில் இளம் வயதில் இறந்தவர். அவரைப் பற்றிய கதைப்பாடலின் தொடக்கமே குதிரைதான். டில்லியில் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை; அடக்க முடியாமல் சிறைப்பட்ட அப்பா; பையன் போய் ஏறி அடக்குகிறான். பரிசு என்ன? அந்தக் குதிரையும் ஒரு பெண்ணும். இரண்டும் ஒரே தட்டில் வருகின்றன. அந்தப் பெண் பிறகு கணவனின் சிதையில் எரிகிறாள். அவள் நினைவாக எழுந்ததுதான் ராணிப்பேட்டை என்பார்கள். காளையை அடக்கியவனுக்குப் பெண், குதிரையை அடக்கியவனுக்குப் பெண். ‘அடங்காப்பிடாரி’ என்ற வசவு எந்தக் கொட்டடியிலிருந்து வந்தது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் இதே கூத்து இருந்தது. 1858இல் ஜான் ரேரி என்ற அமெரிக்கர், குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டி, அது களைத்துப் படுக்கும்வரை விட்டு, பிறகு தடவிக்கொடுக்கும் வித்தையை விக்டோரியா ராணி முன்னால் காட்டிப் பெரும்புகழ் அடைந்தார்.

கூட்டம் கூடாத வேலை வேறிடத்தில் நடந்தது. 1836 முதல் 1839 வரை மதராஸ் மாகாணத்தில் வாழ்ந்த ஜூலியா மெய்ட்லண்ட் ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1843இல் நூலாக வந்தன. அட்டையில் அவர் பெயர் கிடையாது, ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும். வீட்டு வேலைக்காரர்களைப் பட்டியலிடும்போது, ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உண்டு, அந்தப் பெண் புல் அறுத்துவருகிறாள் என்கிறார். அடுத்த வரியிலேயே பூனைக்கும் வேலைக்காரர் உண்டா என்று விசாரித்ததாக நகைச்சுவைக்குத் தாவிவிடுகிறார். 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் இருவரின் ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியும் இதை உறுதிசெய்கிறது. வடக்கே புல் அறுப்பவர் ஆண். தெற்கே குதிரைக்காரரின் மனைவிதான் அந்த வேலையைச் செய்கிறாள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருப்பார். இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அகராதி ஒரு போர்த்துகீசியச் சான்றும் தருகிறது. 1552இல் காஸ்டன்யேடா எழுதிய வரலாற்றில் ஒருவருக்குக் குதிரை பரிசாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனும், தீனிக்கு ஓர் அடிமைப் பெண்ணும் கூடவே வருகிறார்கள். பரிசுப் பொருள்களில் மூன்றாவதாக அவள்.

அந்த வேலையின் அளவை யோசித்துப் பார்க்க வேண்டும். மதராஸ் மாகாணத்தில் குதிரைக்கென்று புல்வெளி கிடையாது. வரப்பு, வாய்க்கால் கரை, ஏரி உட்புறம் என்று தேடித் திரிந்து, அருகம்புல்லைக் களைக்கொத்தால் வேரோடு தோண்ட வேண்டும். மண்ணை உதறி, தண்ணீரில் அலசி, கட்டாகக் கட்டி, சும்மாடு வைத்துத் தலையில் சுமந்துவர வேண்டும். கோடையில் வேர்தான் பசுமை. மழைநாளிலும் குதிரைக்குப் பசிக்கும். மாதவிடாய், பிள்ளைப்பேறு என்று அதற்கு விடுமுறை கிடையாது. கொள்ளு அவிப்பது போன்ற வேலைகள் வேறு. வீட்டில் பிள்ளைகளுக்கு உலை வைப்பவளும் அவளேதான். குதிரைக்காரர் வேலைக்கு வந்தவர்களில் பறையர் சமூகத்தினர் கணிசம். இந்தியாவின் பல இடங்களில் இன்றும் கல்யாண ஊர்வலத்தில் தலித் மாப்பிள்ளை குதிரையில் ஏறினால் கல் வீசுகிறார்கள். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பசியாற்றும் உரிமையை மட்டும் எந்தச் சாதியும் யாரிடமிருந்தும் பறித்ததில்லை.

தீனி போடுவதும் குதிரையைப் பழக்குவதும் ஒன்றா என்று கேட்கலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் ஸெனோஃபோன், குட்டிக்குப் பசியும் தாகமும் ஈக்கடியும் தனிமையோடு சேர்ந்து நினைவில் நிற்க வேண்டும், உணவும் ஆறுதலும் மனிதரோடு சேர்ந்து நிற்க வேண்டும், அப்போது அது மனிதரைத் தேடும் என்று சொல்கிறார். கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்பதும் அவர் சொன்னதுதான். 1993இல் பிரான்சில் கமார்க் குதிரைகளிடம் செய்த ஆய்வில், குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துக்கொடுக்கும் இடமான பிடரியடியில் மனிதர் கையால் தேய்த்தபோது இதயத்துடிப்பு குறைந்தது. வேறிடத்தில் தேய்த்தபோது அப்படிக் குறையவில்லை. அறிவியல் இதை அளந்து காட்டுவதற்கு முன்பே தினமும் ஒரே நேரத்தில், ஒரே நடையில், ஒரே குரலில் புல்லோடு வந்தவளுக்கு அந்தக் குதிரை எந்தச் சத்தத்துக்கு மிரளும், எந்தப் பக்கம் நின்றால் உதைக்கும், எப்போது காதைத் தளர்த்தும் என்பதெல்லாம் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. மென்றுகொண்டிருக்கும் குதிரை பதற்றம் தணிந்த குதிரை. துரை ஏறிப்போன அமைதி அவள் தலைச்சுமையில் வந்தது. இதற்கு ஆவணம் கேட்பவர்களிடம், துரைதான் பழக்கினார் என்பதற்கு என்ன ஆவணம் என்று திருப்பிக் கேட்கலாம்.

நாமும் இந்த மறதிக்குத் துணைபோயிருக்கிறோம். பெண்ணும் குதிரையும் என்றதும் நமக்கு வேலுநாச்சியார்தான் நினைவுக்கு வருகிறார். 1772இல் கணவர் கொல்லப்பட்டபின் எட்டாண்டுகள் காத்திருந்து, ஹைதர் அலியின் படை உதவியோடு சிவகங்கையை மீட்டவர். 2008இல் அஞ்சல்தலை வந்தது. சுவரொட்டிகளில் வாளேந்திக் குதிரைமேல் இருக்கிறார். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ராணியைக் குதிரைமேல் ஏற்றிய நம் பெண்ணிய வரலாறு, குதிரையின் வாய்க்கும் மண்ணுக்கும் இடையில் குனிந்திருந்தவளைத் தேடிப் போனதில்லை. சேணத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

திட்டக்குடியைத் தாண்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. அங்கே 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதினார்கள். ஹைதரின் பலமே குதிரைப்படை. கும்பெனியின் மதராஸ் சிப்பாய்கள் குடும்பம் குட்டிகளோடு நகர்ந்தவர்கள். பீரங்கிச் சத்தத்தில் கலையாமல் நின்ற ஒவ்வொரு குதிரையும் முந்தைய நாள் இரவு எதையோ மென்றிருக்க வேண்டும், அதை யாரோ தோண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும். போர் வரைபடங்களில் குதிரைப்படைகளைச் சின்னச் சின்னச் செவ்வகங்களாகப் போடுவார்கள். ஆற்றோரம் அருகம்புல் தோண்டியவர்களுக்கு அதில் குறியீடு கிடையாது.