பரணில் பாய்ந்த அம்பு

1984-இல் பிரிட்டனில் ஒரு விளையாட்டு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் ஒரு விளக்கம் சொன்னது: சில அறைகளில் விஷவாயு நிரம்பியிருக்கிறது, அதனால்தான் உள்ளே நுழைந்தவுடன் சாகிறீர்கள். இந்த விளக்கம் உண்மையா என்று தேடிப் புறப்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

விளையாட்டின் பெயர் 'ஜெட் செட் வில்லி'. எழுதியவர் மேத்யூ ஸ்மித். லிவர்பூலைச் சேர்ந்த சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸ் நிறுவனம் அதை இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்காகக் கேசட்டில் வெளியிட்டது. கதை எளிது. வில்லி பணக்காரனாகிவிட்டான், தன் மாளிகையில் பெரிய விருந்து வைத்தான். விருந்து முடிந்ததும் வீட்டைக் கவனிக்கும் மரியா படுக்கையறை வாசலில் நின்றுகொண்டாள். வீடெங்கும் சிதறிக் கிடக்கும் 83 பொருள்களைப் பொறுக்கி முடிக்கும்வரை அவனுக்குத் தூக்கம் கிடையாது. அறுபது அறைகள், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் உலவும் அரக்கர்கள்.

அந்த அறைகளில் ஒன்று பரண். அங்கே ஒருமுறை போய்வந்தால் மாளிகையே மாறிவிடும். சிற்றாலய அறையில் இருந்த அரக்கர்கள் எல்லாரும் காணாமல் போவார்கள். வேறு சில அறைகளில் கால் வைத்த நொடியிலேயே உயிர் போகும். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கினாலும் இந்தக் கேடு தீராது. மின்சாரத்தை நிறுத்திக் கேசட்டை மறுபடி ஏற்றினால்தான் மாளிகை பழைய நிலைக்குத் திரும்பும். நிறுவனம் முதலில் விஷவாயுக் கதையைச் சொன்னது. பிறகு அதைக் கைவிட்டுத் திருத்தங்களை வெளியிட்டது. ஆனால் பிழை எங்கே, எப்படி நேர்ந்தது, பரணில் நுழைந்ததற்குச் சிற்றாலயம் ஏன் காலியாக வேண்டும் என்ற கேள்விகளுக்கு அந்த ஒப்புதலில் பதில் இல்லை.

மூன்று சாத்தியங்களை எழுதிவைத்துக்கொண்டு தொடங்கினேன். ஒன்று, அது வேண்டுமென்றே வைத்த கண்ணி. இரண்டு, கேசட் பதிவில் நேர்ந்த பழுது. மூன்று, நிரலிலேயே உள்ள பிழை.

இரண்டாவது சாத்தியம் விரைவில் உதிர்ந்தது. ஸ்பெக்ட்ரத்தின் கேசட்டில் தகவல் ஒலித்துடிப்புகளாகப் பதிந்திருக்கும். பூஜ்யத்துக்குக் குறுகிய துடிப்பு. ஒன்றுக்கு அதைப்போல் இரு மடங்கு நீளமான துடிப்பு. வழக்கமான பதிவுமுறையில் ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் சரிபார்ப்புக்கென ஒரு பைட் இருக்கும். படித்த பைட்டுகளோடு அது பொருந்தாவிட்டால் கணினி 'டேப் லோடிங் எரர்' என்று சொல்லி நின்றுவிடும். பழுதான நாடா தடுமாறித் திணறுமே தவிர, எல்லார் வீட்டிலும் ஒரே அறையில் ஒரே விதமாகப் பிழை செய்யாது. இந்தக் கோளாறோ நாடு முழுவதும் ஒரே மாதிரி நடந்தது.

மிஞ்சிய இரண்டில் எது என்று அறிய எனக்கு மூன்று ஆவணங்கள் தேவைப்பட்டன: கேசட்டின் பிட் பிசகாத பிரதி, அதனுடன் வந்த வண்ண அட்டை, நிறுவனம் வெளியிட்ட திருத்தம். வண்ண அட்டை இல்லாமல் ஆட்டமே திறக்காது. நிரல் ஏறி முடிந்ததும் கணினி ஏதேனும் ஒரு கட்டத்தைச் சொல்லி, அதிலுள்ள வண்ணங்களை உள்ளிடச் சொல்லும். அட்டையில் அப்படி 180 கட்டங்கள். வண்ண நகல் எடுப்பது அரிதாக இருந்த காலத்தில் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க எண்ணிய ஏற்பாடு இது. நாடாவை மட்டும் காப்பாற்றி அட்டையைத் தொலைத்திருந்தால் இன்று நம் கையில் இருப்பது பூட்டிய பெட்டி. மூன்று ஆவணங்களும் எனக்கு இணையத்தில் கிடைத்தன. அவற்றைக் காத்துவைத்திருந்தது அரசு நூலகமும் அல்ல, நிறுவனமும் அல்ல. சிறுவயதில் இதை விளையாடியவர்கள்.

முக்கியத் தடயம் மூன்றாம் ஆவணத்தில் இருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் 'போக்' என்ற கட்டளை உண்டு. நினைவகத்தில் இந்த எண்ணுள்ள இடத்தில் இந்த மதிப்பை வை என்பது அதன் பொருள். நிறுவனத்தின் திருத்தம் நான்கே நான்கு போக் கட்டளைகள். பரணுக்கானது இது: போக் 59901, 82. மொத்த நிரலிலும் ஒரே ஒரு பைட்டை மாற்றினால் விஷவாயு கலைந்துவிடுகிறது. அப்படியானால் 59901-ஆம் இடத்தில் என்ன இருக்கிறது?

இங்கே விளையாட்டின் நினைவக வரைபடம் வேண்டும். ஆர்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து, இயந்திர மொழி நிரலை வரிவரியாகப் பிரித்து விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அதன்படி 49152 முதல் 65535 வரை அறைகளுக்கான பகுதி. அதில் 64 பக்கங்கள், பக்கத்துக்கு 256 பைட். ஒவ்வொரு பக்கத்தின் முதல் 128 பைட்டில் அறையின் தரையும் சுவரும் அடங்கும்: 16 வரிசை, வரிசைக்கு 32 கட்டம், கட்டத்துக்கு இரண்டே பிட். அடுத்த 32 பைட்டில் அறையின் பெயர். கடைசி 16 பைட்டில் எட்டு இணை எண்கள். அவை அந்த அறையில் யார் யார் உலவ வேண்டும் என்று சொல்பவை. இணையின் முதல் எண் ஆள் யார் என்பதைக் குறிக்கும். இரண்டாம் எண் அந்த ஆள் எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 59901-இலிருந்து 49152-ஐக் கழித்து 256-ஆல் வகுத்தால் ஈவு 41, மீதி 253. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 41-ஆம் அறை பரணேதான். 253-ஆவது பைட் என்பது எட்டு இணைகளில் ஏழாவதன் இரண்டாம் எண். அந்த ஏழாவது ஆள் அரக்கன் அல்ல, அறையின் குறுக்கே பாயும் ஓர் அம்பு. இரண்டாம் எண் அம்பு பாய வேண்டிய உயரம். திருத்தம் அதை 82 ஆக்குகிறது. அசல் கேசட்டில் இருந்தது 213.

213-இல் என்ன தவறு? விளையாட்டு, திரையின் ஒவ்வொரு புள்ளி வரிசையும் நினைவகத்தில் எங்கே தொடங்குகிறது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. மொத்தம் 128 வரிசைகள். ஒவ்வொரு முகவரியும் இரண்டு பைட். ஆகவே அட்டவணைக்குள் நுழையும் எண் எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 82 என்றால் 41-ஆம் வரிசை. 213 ஒற்றைப்படை. அந்த எண்ணோடு போனால் 106-ஆம் வரிசையின் முகவரியில் பின்பாதியும் 107-ஆம் வரிசையின் முகவரியில் முன்பாதியும் ஒட்டிக்கொண்டு, எந்த வரிசைக்கும் சொந்தமில்லாத ஒரு முகவரி பிறக்கிறது. அது விழும் இடம் 41,000-ஐ ஒட்டியது. படம் வரைவதற்கு ஒதுக்கிய பகுதியோ 24576-இல் தொடங்கி 28671-இலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்து, 41,000-ஐ ஒட்டி என்ன இருக்கிறது என்று பார்த்தபோது வழக்கு தெளிந்தது. 40960-இல் தொடங்குவது அரக்கர்களின் பதிவேடு. ஒவ்வோர் அரக்கனுக்கும் எட்டு பைட்: அவன் எந்த வகை, என்ன நிறம், எங்கிருந்து எங்கே நடப்பான் என்ற விவரங்கள். வில்லி ஓர் அறைக்குள் நுழையும்போது நிரல் இந்தப் பதிவேட்டிலிருந்து உரிய வரிகளைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியை வைத்தே அறையை நடத்துகிறது. அறைக்குள் என்ன நடந்தாலும் மூலப் பதிவேட்டுக்குச் சேதமில்லை. பரணில் பாய்ந்த அம்பு மட்டும் திரையில் தெரியாமல் அந்த மூலத்தின் மேலேயே தன் உருவத்தை வரைந்துகொண்டு பறக்கிறது. எந்த வரிகள் மீது அம்பு பட்டதோ, அந்த அரக்கர்கள் உலவும் அறைகள் பாழாகின்றன. சிற்றாலயம் காலியானதும் வேறு அறைகளில் நுழைந்தவுடன் சாவதும் ஒரே காயத்தின் இரு அறிகுறிகள். மூலப் பதிவேடே கெட்டுவிட்டதால் புதிய ஆட்டம் தொடங்கியும் பயனில்லை. கேசட்டிலிருந்து அதைத் திரும்ப ஏற்றியே ஆகவேண்டும்.

விஷவாயுக் கதையும் இந்த இடத்தில் உடைகிறது. வாயு என்றால் சிற்றாலயத்தில் அரக்கர்களை அழித்துவிட்டு வில்லியை மட்டும் ஏன் விட்டுவைத்தது? வேண்டுமென்றே கண்ணி வைத்தவர் அதற்காகத் தன் பதிவேட்டைத் தானே கிழிக்க மாட்டார். மற்ற மூன்று போக் கட்டளைகளும் இதையே சொல்கின்றன. ஒன்று ஆலமர அறையில் வழியை அடைத்துநின்ற தடையை நீக்குகிறது. இன்னொன்று கண்ணாடி வீட்டுக் கூரையில் எட்டமுடியாதிருந்த பொருளை எட்டவைக்கிறது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை வேறு அறைக்கு மாற்றுகிறது. விற்ற நிலையில் இந்த ஆட்டத்தை யாராலும் முடித்திருக்க முடியாது. முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று நிறுவனம் அறிவித்திருந்தது. பரிசை வென்ற இருவர் நிரலுக்குள் புகுந்து தவறுகளைக் கண்டறிந்து, திருத்தங்களையும் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் எழுத்தாளரின் பிழையைத் திருத்தித் தந்த நிகழ்வு இது. அதே 1984-இல் 'யுவர் ஸ்பெக்ட்ரம்' பத்திரிகை, மாளிகையில் புதிதாக ஓர் அறையைச் சேர்க்கும் நிரலை அச்சிட்டது. ஆட்டம் வெளிவந்த சில மாதங்களுக்குள்ளேயே வாசகர்கள் அதன் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இது அச்சில் உள்ள சாட்சி.

ஒரு பைட் பிழைக்காக ஸ்மித்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முந்தைய ஆண்டில் 'மேனிக் மைனர்' ஆட்டத்தை ஏறத்தாழ எட்டு வாரத்தில் எழுதி முடித்தபோது அவர் பதின்பருவத்து இளைஞர். எழுதியது டிஆர்எஸ்-80 கணினியில், ஓடவேண்டியது ஸ்பெக்ட்ரத்தில். அந்த ஆட்டத்தின் நினைவகத்தில், பயன்படாத இடங்களில், அவர் தட்டச்சு செய்த மூல நிரலின் துணுக்குகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அறுபது அறைகளை ஒரே ஆள் 48 கிலோபைட்டுக்குள் அடைத்த இடத்தில் ஓர் எண் பிசகியது வியப்பல்ல. அவருடைய அடுத்த ஆட்டம் வெளிவரவே இல்லை. 1988-இல் நிறுவனமும் மூடியது. அவர் எங்கே இருக்கிறார் என்று தேடுவதற்கென்றே ரசிகர்கள் ஓர் இணையதளம் நடத்திய காலமும் உண்டு.

இந்த வழக்கை நாற்பது ஆண்டுக்குப் பிறகு விசாரிக்க முடிந்ததற்குக் காரணம் அன்று விளையாடியவர்களின் ஏக்கம். பிரிட்டனில் அச்சிட்ட ஒவ்வொரு நூலின் பிரதியும் சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போகும். விளையாட்டுக் கேசட்டுக்கு அந்தக் கடமை இருக்கவில்லை. 1985 வரை கணினி நிரலுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதே அந்நாட்டுச் சட்டத்தில் தெளிவாக இல்லை. 1986-இல், ஸ்பெக்ட்ரத்தைத் தயாரித்த சின்க்ளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் வாங்கியது. 1995-இல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்' என்ற காப்பகம் ஆட்டங்களையும் அட்டைகளையும் பத்திரிகைப் பக்கங்களையும் திரட்டி, கிடைக்காதவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்துத் தேடியது. 1999-இல் ஆம்ஸ்ட்ராட், ஸ்பெக்ட்ரத்தின் அடிப்படை நிரலை எமுலேட்டர்களுடன் வழங்க ரசிகர்களுக்கு அனுமதி தந்தது. பழைய கணினியைப் புதிய கணினிக்குள் பாவனை செய்யும் எமுலேட்டர் வழியேதான் நானும் பரணுக்குப் போனேன். எல்லா இயந்திரங்களுக்கும் இந்த நல்லூழ் இல்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010-க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. கமடோர் 64 கணினியின் ஆட்டங்களில் விற்பனையில் கிடைத்தவை 4.5 விழுக்காடு மட்டுமே.

அந்த ரசிகர்கள் செய்த இன்னொரு நல்ல காரியம், பிழையைத் திருத்திய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு அசலைத் தூக்கியெறியாதது. ஏட்டில் உள்ள பாடத்தை உள்ளபடியே தந்து, திருத்தத்தை அடிக்குறிப்பில் வைக்கும் நல்ல பதிப்பாசிரியரின் நேர்மை அது. 'மேனிக் மைனர்' முதலில் பக்-பைட் நிறுவனத்திலும் பிறகு சாஃப்ட்வேர் புராஜெக்ட்ஸிலும் வெளிவந்தது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே சில உருவங்களும் ரகசியக் கடவுச்சொல்லும் வேறுபடுகின்றன. இரண்டும் தனித்தனியே காக்கப்பட்டுள்ளன. 213 என்ற அந்தத் தவறான எண் அசல் நாடாவில் அப்படியே இருந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. விளையாடியவர்களின் நினைவில் விஷவாயுவும் இருக்கிறது. நினைவை மட்டும் நம்பியிருந்தால் நிறுவனத்தின் கதையே வரலாறாகியிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: பரணில் வாயு இல்லை, தவறான உயரத்தில் பாய்ந்த ஓர் அம்புதான் இருந்தது.

தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஸ்பெக்ட்ரம் இந்தியாவிலும் 1988-இல் டெசிபெல்ஸ் நிறுவனத்தின் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1984-85-இல் தொடங்கிய மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. அந்தக் கணினிகளில் நம் மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதிய நிரல்கள் ஏதாவது வீட்டில், பள்ளி அலமாரியில், பழைய புத்தகக் கட்டில் இன்னும் இருக்கக்கூடும். காந்த நாடா காலப்போக்கில் உதிரும். அதிலுள்ளது திரும்ப வராது. உங்கள் கைவசம் அப்படி ஒரு கேசட்டோ, பிளாப்பியோ, கையால் எழுதிய நிரல் நோட்டோ இருந்தால் எறியாதீர்கள். படித்துப் பதிவுசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதில் பிழை இருந்தால் அந்தப் பிழையோடேயே கொடுங்கள்.