வெசாக் கூடு

இலங்கைப் பௌத்தர்கள் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வீட்டு வாசலிலும் விகாரையிலும் வீதியிலும் தொங்கவிடும் காகித விளக்கு வெசாக் கூடு எனப்படும். புத்தரின் பிறப்பு, ஞானப்பேறு, பரிநிர்வாணம் எனப்படும் இறுதி மறைவு ஆகிய மூன்றும் அந்நாளிலேயே நிகழ்ந்தன என்பது தேரவாத மரபு.

விளக்கேற்றி வழிபடுவது பழைய வழக்கமே ஆயினும், வீதிகளை நிறைக்கும் இன்றைய கூட்டலங்காரத்தை 19ஆம் நூற்றாண்டுப் பௌத்த மறுமலர்ச்சியின் விளைவாகக் கொள்வதே பொருந்தும். கண்டியின் கடைசி அரசரும் நாயக்கர் மரபினருமான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். அவரோடு பௌத்த விழாக்கள் அரச புரவலரையும் இழந்தன. 1883இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று தாக்கப்பட்டதை அடுத்து, பௌத்தர்களின் குறைகளைப் பிரம்மஞான சபைத் தலைவர் ஹென்றி ஆல்காட் லண்டன் வரை கொண்டுசென்றார். அதன் பயனாக 1885இல் வெசாக் அரசு விடுமுறையாயிற்று.

கூடுகளில் பெயர்பெற்றது, எட்டுப் பட்டை கொண்ட 'அட்டபட்டம'. பிளந்து சீவிய மூங்கில் சிம்புகளைச் சதுரமும் முக்கோணமுமாக நூலால் கட்டி, பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாளை மாப்பசையால் ஒட்டி, கீழ்முனைகளில் கத்தரித்த தாள்வால்களைத் தொங்கவிடுவர். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் சட்டம் கோணி, தாள் சுருங்கிக் கிழிந்துவிடுமாதலால், ஒட்டுவதைவிடக் கட்டுவதே பெரும் வேலை. உள்ளே மெழுகுவர்த்தி எரிந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் மின்குமிழே இருக்கிறது.

பிற ஆசியக் காகித விளக்குகளின் அமைப்பு இதனின்று வேறுபட்டது. ஜப்பானிய சோச்சின் விளக்கில் மூங்கில் இழை சுருளாகவோ வளையங்களாகவோ அமைவதால் அதை மேலிருந்து அழுத்தி மடித்து வைக்கலாம். கிஃபு நகரத்து விளக்குகளுக்கு முசுக்கட்டை இனச் செடியின் பட்டையிலிருந்து எடுக்கும் வாஷித் தாள் பயன்படுகிறது. சீனர்களின் 'ஓடும் குதிரை' விளக்கிலோ சுடரிலிருந்து எழும் வெப்பக்காற்று உள்ளிருக்கும் காகிதச் சக்கரத்தைச் சுழற்ற, உருவங்களின் நிழல் வெளித்தாளில் ஓடும். கொழும்பு வெசாக் பந்தல்களின் சுழலும் கூடுகளோ மின்பொறியால் இயங்குபவை. நேர்க்கோட்டுச் சட்டங்களாலான அட்டபட்டமவை மடிக்கவியலாது. பருவமழையும் அதனை விட்டுவைப்பதில்லை என்பதால், பல வீடுகளில் ஆண்டுதோறும் புதிதாகவே கட்டுகின்றனர்.