பள்ளிச் செவிலியரும் தலைப்பேன் தடுப்பும்: நியூயார்க், 1902

பள்ளிப் பிள்ளைகளின் தலைப்பேனைக் கட்டுப்படுத்த அவர்களின் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதே வழி என்பதை, 1902 அக்டோபரில் நியூயார்க் நகரில் தொடங்கிய ஒரு சோதனை முயற்சி எடுத்துக்காட்டியது. பள்ளிச் செவிலியர் என்னும் பணி அமெரிக்காவில் வேரூன்றியதும் இதன் வழியாகவே.

பின்னணி

நியூயார்க் பள்ளிகளில் 1897 முதல் மருத்துவர்கள் மாணவர்களைச் சோதித்து வந்தனர். பேன், சிரங்கு, படர்தாமரை, தொற்றும் கண்நோய் ஆகியவை உள்ள பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1902இல் சோதனை கடுமையாக்கப்பட்டதும் வகுப்பறைகளில் வருகை வெகுவாகக் குறைந்தது. புலம்பெயர்ந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளில், ஆங்கிலம் அறியாத தாய்மார் பலருக்குப் பிள்ளை ஏன் திரும்பி வந்தது என்பதே விளங்கவில்லை. பள்ளியை விட்டு வந்த பிள்ளை, தெருவில் அதே தோழர்களுடன் விளையாடியது. பேன் நீங்கவில்லை, படிப்புதான் நின்றது.

செவிலியரின் பணி

ஹென்றி தெரு இல்லத்தை நிறுவிய லிலியன் வால்ட், தம் செவிலியர் ஒருவரை ஒரு மாதத்துக்கு அனுப்ப முன்வந்தார். கனடாவைச் சேர்ந்த லீனா ராஜர்ஸ் நான்கு பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். பின்னர் வீடுகளுக்குச் சென்று, தலையைச் சுத்தம் செய்யும் முறையைத் தாய்மாருக்கு விளக்கினார். முயற்சி வெற்றி பெறவே, நகர நிர்வாகம் மேலும் செவிலியரை அமர்த்தியது. எல்லா நோய்களும் சேர்த்து, 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த வெளியேற்றங்கள், 1903 செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தன.

இன்றைய புரிதல்

அக்காலத்தில் பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவது வழக்கம். அது தீப்பற்றக்கூடியது, தோலையும் புண்ணாக்கும் என்பதால் இன்று தவிர்க்கப்படுகிறது. பேன் பறப்பதோ தாவுவதோ இல்லை. பெரும்பாலும் தலையோடு தலை படும்போது ஊர்ந்து பரவுகிறது. சுத்தமான தலைக்கும் அது வரும் என்பதால் இதில் வெட்கப்பட ஏதுமில்லை. வாரம் ஒருமுறை ஈரக் கூந்தலைப் பேன்சீப்பால் வாரிப் பார்த்தால் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம். ஈர் பொரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், ஒருநாள் சுத்தம் செய்வது போதாது. இரண்டு வாரமாவது தொடர்ந்து வார வேண்டும். வீட்டிலுள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இன்று அறிவுறுத்துகிறது. 1902இல் பள்ளிகளிலிருந்து வீடுகளுக்கு நடந்து சென்ற அந்தச் செவிலியரின் பணியும் இதையே நோக்கமாகக் கொண்டிருந்தது.