வானம் திருத்திய கணக்கு

2020 ஆம் ஆண்டு டிசெம்பர் 21 ஆம் நாள் பொழுது சாய்ந்தபின், தென்மேற்கு வானிலே தாழ்வாக இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒன்றையொன்று தொடுவனபோல் நின்றன. பிரகாசம் மிக்கது வியாழன். சற்று மங்கலானது சனி. இரண்டுக்கும் இடையே தோன்றிய இடைவெளி ஏறக்குறைய 6 கலை. பாகையொன்றின் அறுபதில் ஒரு பங்கையே கலை என்பர். முழுமதியின் விட்டம் ஏறக்குறைய 30 கலை என்பதை நினைந்தால், அந்த நெருக்கம் எத்தகையதென விளங்கும். கண்ணுக்கு ஒட்டி நின்ற அவ்விரு கோள்களையும் உண்மையிலே 70 கோடி கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம் பிரித்திருந்தது. ஒரே திசையிலே தெரிந்தமையன்றி வேறு கூட்டம் அங்கில்லை.

வியாழன் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டும், சனி ஏறக்குறைய 29½ ஆண்டும் செல்லும். ஆதலின் விரைந்து செல்லும் வியாழன் 20 ஆண்டுக்கு ஒருமுறை சனியை எட்டிப் பிடிக்கின்றது. இத்துணை நெருங்கிய கூட்டம் 1623 இலும் நிகழ்ந்தது. ஆனால் ஞாயிற்றின் அருகே நிகழ்ந்தமையால் அது காண்பதற்கு அரிதாயிற்று. நன்கு காணத்தக்கதாய் அமைந்த முந்தைய கூட்டம் 1226 ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது.

கோள்கள் கூடினால் மன்னர் வீழ்வர், வெள்ளம் பெருகும் என்று பலன் கூறுவது பல நாடுகளில் இருந்த வழக்கம். 1524 இல் மீன ராசியிலே கோள்கள் கூடியபோது, உலகை வெள்ளம் கொள்ளுமென ஐரோப்பாவிற் பலர் நடுங்கினர். ஊழிவெள்ளம் வரவில்லை. ஆயினும் இக்கூட்டங்களால் வேறொரு பயன் விளைந்தது. கணித நூல் குறித்த நாளிலே கோள்கள் கூடினவா, இல்லையா என்பதை வெறுங்கண்ணுடைய எவரும் பார்த்துவிடலாம் அல்லவா?

அவ்வாறு பார்த்தவருள் ஒருவர் தைக்கோ பிராகே. டென்மார்க்கின் உயர்குடியிற் பிறந்த அவர், சட்டம் பயிலுமாறு லைப்சிக் நகருக்கு அனுப்பப்பட்டார். உடன் சென்ற ஆசான் வானியலைத் தடுத்தமையால், அவர் உறங்கிய பின்னரே மாணவர் கைமுட்டியளவான சிறிய வானுருண்டை ஒன்றை வைத்து விண்மீன்களை அறிந்துகொண்டார். 1563 ஆம் ஆண்டு ஆகஸ்டில் வியாழனும் சனியும் கூடின. பதினாறு வயதுடைய தைக்கோ, கவராயம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து இடைவெளியை அளந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொலேதோவில் இயற்றப்பட்ட அல்பொன்சோ அட்டவணை ஒரு மாத அளவு பிழைத்திருந்தது. கொப்பனிக்கஸின் முறையைத் தழுவி 1551 இல் வெளிவந்த புதிய அட்டவணையும் சில நாள் பிழைத்திருந்தது. பெரியோர் போற்றிய இரு நூல்களும் ஒரு மாணவனின் கவராயத்துக்கு முன் தோற்றன!

நூலை நூலோடு ஒப்பிடுவதால் பயனில்லை, இரவுதோறும் வானை அளத்தல் வேண்டும் எனத் தைக்கோ துணிந்தார். 1576 இல் டென்மார்க் மன்னர் அளித்த வென் என்னும் சிறு தீவிலே பெருங்கருவிகளை அமைத்து, இருபது ஆண்டளவு அப்பணியைச் செய்தார். தொலைநோக்கி தோன்றாத காலத்தில் அவருடைய அளவைகளின் பிழை ஓரிரு கலையளவே என்பது வியப்புக்குரியது.

அவ்வளவைகள் யொகான் கெப்ளரின் கையை அடைந்தன. கெப்ளர் முன்னர் கிராட்ஸ் நகரிலே கணித ஆசிரியராயிருந்தவர். 1595 இல் வியாழன் சனிக் கூட்டங்கள் ராசிச் சக்கரத்தில் இடம் மாறும் முறையை வகுப்பிலே வரைந்து காட்டியபோதே கோள்களின் அமைப்பைப் பற்றிய ஓர் எண்ணம் அவருக்கு உதித்தது. அவ்வெண்ணம் தவறானது; ஆயினும் அவரை வானியலுக்கு இழுத்துவந்தது அதுவே. 1601 இல் தைக்கோ இறந்தபின், செவ்வாயின் பாதையை வட்டமெனக் கொண்டு அவர் செய்த கணிதம் தைக்கோவின் அளவையினின்று 8 கலை விலகிற்று. 2020 இன் அம்மாலையில் இரு கோள்களுக்கும் இடையே தெரிந்த இடைவெளியிலும் சற்றே கூடியது இது, வேறொருவர் புறக்கணித்திருப்பார். கெப்ளரோ தைக்கோ பிழைத்திருக்க மாட்டார் என நம்பித் தம் கணிதத்தையே கைவிட்டார். கோளின் பாதை நீள்வட்டம் என்னும் உண்மை 1609 இல் நூலாயிற்று.

தமிழர் இல்லங்களிலே வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதை நேயர்கள் அறிவர். வாக்கியக் கணிதத்தை இகழ்தல் தகாது. 1768 இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜெந்தில், தமிழ்க் கணிதர் சோழிகளைப் பரப்பிக் கிரகணம் கணித்த விரைவைக் கண்டு வியந்தார். எனினும் பழைய வாய்பாட்டைக் காலந்தோறும் வானோடு ஒப்பிட்டுத் திருத்தாவிடின் சிறுபிழையும் நூற்றாண்டுகளில் வளர்ந்துவிடும். சனி மகரத்துட் புகுந்தது திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24 இல். வாக்கியப்படி அவ்வாண்டு டிசெம்பர் மாதக் கடைசி வாரத்தில். வியாழனோ இரண்டின்படியும் நவம்பரிலேயே மகரத்தை அடைந்துவிட்டது. ஆகவே டிசெம்பர் 21 மாலை, வாக்கியப்படி சனி இன்னும் தனுசிலே இருந்தது, வியாழன் மகரத்திலே இருந்தது. மேல்வானில் இரண்டும் 6 கலை இடைவெளியிலே நின்றன.

அடுத்த கூட்டம் 2040 இல் வரும். அத்துணை நெருங்கிய கூட்டமோ 2080 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நிகழும்.