மூன்று மாளிகைகளும் ஒரு மனச்சான்றும்

ஒரு நகரத்தின் வரலாற்றை ஏடுகளில் கற்பது ஒரு வகை. அதன் பழந்தெருவில் எஞ்சி நிற்கும் இல்லங்களின் வாயிலாக உணர்வது மற்றொரு வகை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் துறைமுக நகரின் ‘ஹை ஸ்ட்ரீட்’ இரண்டாம் வகைக்குத் தக்க சான்றாகும்.

ஹல் ஆறு ஹம்பர் கழிமுகத்தில் கலக்குமிடத்தில் அமைந்த இவ்வூருக்கு, முதலாம் எட்வர்டு மன்னர் 1299இல் நகர உரிமைச் சாசனம் வழங்கினார். ஆற்றின் வளைவையொட்டித் தானும் வளைந்து செல்வது இத்தெரு. ஆற்றை நோக்கிய வரிசையில், முகப்பில் வணிகரின் இல்லம். அதன் பின்னே பண்டகசாலை. அதற்கும் அப்பால் அவருக்கே உரிய படகுத்துறை. பால்டிக் கடல் நாடுகளிலிருந்து மரமும் இரும்பும் சணலும் இத்துறைகளில் வந்திறங்கின. வாழ்வும் வணிகமும் ஒரே கூரையின்கீழ் நடந்த தெரு இது.

அந்த வணிகக் குடும்பங்களுள் ஒன்று மெய்ஸ்டர் குடும்பம். 1743இல் அவர்களுடைய இல்லம் தீக்கிரையாயிற்று. ஹென்றி மெய்ஸ்டரின் மனைவியும் கைக்குழந்தையும் அத்தீயில் மாண்டனர். அதன்பின் அதே இடத்தில் எழுந்த மாளிகையின் படிக்கட்டு கல்லால் ஆனது. கைப்பிடிச் சட்டங்கள் இரும்பால் ஆனவை. காண்போர் அதன் எழிலை வியப்பர். ஆயினும், மீண்டும் ஒருமுறை தீ தன் வீட்டை விழுங்கலாகாது என்று அஞ்சிய ஒருவரின் துயரமும் அக்கல்லில் உறைந்திருக்கிறது.

இதே தெருவில் நிற்பது பிளேட்ஸ் இல்லம். கப்பல் கட்டுவதில் பெயர்பெற்ற அக்குடும்பத்தின் தளத்தில் 1784இல் ‘பெத்தியா’ என்னும் சரக்குக் கப்பல் உருவாயிற்று. 1787இல் அதனை விலைக்கு வாங்கிய கடற்படை ‘பவுண்டி’ எனப் பெயர் மாற்றியது. அக்கப்பலில் மூண்ட கலகத்தை உலகம் அறியும். அது எதற்காகக் கடலோடியது என்பதை நினைப்போர் சிலரே. தாகித்தித் தீவின் சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு சென்று, கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவான உணவு அளிப்பதே அப்பயணத்தின் நோக்கம்.

கலகம் மூண்ட நாள் 1789 ஏப்ரல் 28. அச்செய்தி இங்கிலாந்தை எட்டுவதற்கு வெகு முன்பே, மே 12ஆம் நாள், அடிமை வாணிகத்தை ஒழிக்க வேண்டுமென நாடாளுமன்றத்தில் முழங்கினார் ஒருவர். அவர் பிறந்ததும் இத்தெருவிலேதான். பதினேழாம் நூற்றாண்டில் செங்கல்லால் எழுப்பப்பட்ட மாளிகையில், 1759 ஆகஸ்டு 24இல் பிறந்த வில்லியம் வில்பர்ஃபோர்சே அவர். பால்டிக் வாணிகத்தால் செழித்த குடும்பத்தின் வாரிசு. 21ஆம் வயதில் ஹல் நகரின் நாடாளுமன்ற உறுப்பினர். 1791இல் அவர் கொணர்ந்த மசோதா தோற்றது. எனினும் அவர் சளைக்கவில்லை. 1807இல் அடிமை வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1833 ஜூலையில் அடிமை ஒழிப்பு மசோதா நிறைவேறுவது உறுதி என்னும் செய்தி எட்டிய மூன்றாம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அவ்வெற்றியும் முழுமையானதன்று. இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுன் அடிமைகளின் உடைமையாளர்களுக்கே சென்றது. அடிமைப்பட்டோருக்கு ஒரு காசும் கிட்டவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. கம்பெனியின் இந்தியாவில் அடிமைமுறைக்கிருந்த சட்ட ஏற்பு நீங்க 1843 வரையிலும், இலங்கையில் அம்முறை ஒழிய 1844 வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. விடுதலை பெற்றோர் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஆள்தேடிய முதலாளிகள் 1834 முதல் இந்தியாவின் பக்கம் திரும்பினர். மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோருள் தமிழரும் இருந்தனர். ஹல் நகரத்து இல்லமொன்றின் வரலாறு இவ்வாறு தமிழர் வரலாற்றையும் தொட்டுச் செல்கிறது.

இத்தெரு பிழைத்த வரலாறும் எண்ணத்தக்கது. 1778இல் புதிய கப்பல்துறை திறக்கப்பட்டபின், வணிகம் மெல்ல மெல்ல ஆற்றங்கரையை விட்டு அகன்றது, செல்வரும் அகன்றனர். மாளிகைகள் அலுவலகங்களாகவும் கிடங்குகளாகவும் மாறின. செல்வம் புறக்கணித்ததனாலேயே பழமையை இடித்துப் புதுமை சமைக்கும் வேகமும் இங்குக் குறைந்தது. வில்பர்ஃபோர்ஸ் இல்லம் 1906இல் அருங்காட்சியகமாயிற்று. 1941 மே மாதக் குண்டுவீச்சில் ஹல் நகரின் பெரும்பகுதி சிதைந்தபோதும் இம்மூன்று இல்லங்களும் எஞ்சின.

அடிமைகளின் உணவுக்காகச் சென்ற கப்பலைக் கட்டியோரின் இல்லமும், அடிமைத்தளையை அறுக்கப் போராடியவர் பிறந்த இல்லமும் ஒரே தெருவில் நிற்கின்றன. ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறைத்தல் வரலாறாகாது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கே அத்தெருவின் கற்கள் உண்மை உரைக்கும்.