இறக்கிவிடப்பட்டவரும் இறக்கிவிட்டவரும்

2012 பிப்ரவரி 19 அன்று, கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லும் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறித் தம் இருக்கையில் அமர்ந்துவிட்ட ஜீஜா கோஷ் என்ற பெண்மணி கீழே இறக்கிவிடப்பட்டார். மூளை முடக்குவாதத்துடன் வாழ்பவர். மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டவர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அத்துறையிலேயே முதுகலை பயின்றவர். அன்று அவர் புறப்பட்டதும் மாற்றுத்திறனாளிகள் தொடர்பான ஒரு பன்னாட்டு மாநாட்டுக்குத்தான்.

மொழியியல் படித்தவள் என்பதால் 'இறக்கிவிடப்பட்டார்' என்ற சொல்லில் சற்று நின்றுவிடுகிறேன். செயப்பாட்டு வினையில் பாதிக்கப்பட்டவர் எழுவாய் ஆகிறார். செய்தவரோ வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடலாம். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இந்த இலக்கணத்திலேயே எழுதப்படுகின்றன. 'அனுமதி மறுக்கப்பட்டது', 'அலைக்கழிக்கப்பட்டார்' என்று படிக்கிறோம், பரிதாபப்படுகிறோம், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். மறுத்தவர் யார், எந்த விதியின்படி மறுத்தார் என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

ஜீஜா கோஷ் செய்தது அந்த மறைந்த எழுவாயை மீட்டெடுத்ததுதான். மும்பையைச் சேர்ந்த அடாப்ட் என்ற அமைப்புடன் இணைந்து அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தார். விமானப் பணியாளர்கள் தம்மிடம் வந்து இறங்கச் சொன்னது, விமானியின் முடிவு என்று பின்னர் தெரிந்தது, அதிர்ச்சியில் உறக்கமும் உணவும் கெட்டது, மருத்துவரிடம் செல்ல நேர்ந்தது, மறுநாளும் பயணம் செய்ய இயலாமல் மாநாட்டையே தவறவிட்டது என எல்லாம் அந்த மனுவில் இருந்தன. ஒருவர் நெருங்கிய தோழியிடம் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகள் அங்கே சாட்சியமாக மாறின.

அவரது உடல்நிலை சரியில்லை என்று தோன்றியதாகவும், பாதுகாப்பைக் கருதியே முடிவெடுத்ததாகவும் விமான நிறுவனம் வாதிட்டது. ஆனால், மாற்றுத்திறனாளிகளின் விமானப் பயணம் குறித்து விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2008 மே 1 அன்றே விதிமுறை வெளியிட்டிருந்தது. மருத்துவர் ஒருவரின் கருத்தைக்கூடக் கேளாமல் அவரை இறக்கியது தவறு என்றது 2016 மே 12 அன்று வந்த தீர்ப்பு. மனித மாண்பே இவ்வழக்கின் மையம் என்று கண்ட நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, ஆர்.கே.அகர்வால் அமர்வு, அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரது அனுபவம் விதியைப் புதிதாகப் படைக்கவில்லை. விதி நான்கு ஆண்டுகளாகத் தாளில் இருந்தது. அதை மீறினால் விலை உண்டு என்பதையே அந்த அனுபவம் நிறுவியது. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. ஓர் அவமானத்தை நான்கு ஆண்டுகள் ஆவணங்களில் சுமந்து திரிய வேண்டியிருந்தது.

2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில், மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். இம்முறை நடந்ததை உலகுக்குச் சொன்னவர் அங்கிருந்த மற்றொரு பயணி. யார் என்ன சொன்னார்கள், உடனிருந்தோர் என்ன பதில் சொன்னார்கள் என்று அவர் சமூக ஊடகத்தில் வரிசையாக எழுதினார். மே 28 அன்று, அதாவது 21 நாள்களில், இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது. பறக்கும்போது பயணியின் உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பரிசோதித்துக் கருத்துச் சொன்ன பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 2016 தீர்ப்பில் எழுந்த அதே கேள்விக்கான விடை இது.

சொல்லும் வாய்ப்பே இல்லாதவர்களின் கதை வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்ற தெளிவான தடை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. அந்த 28 பேரில் ஒருவரது குரலையாவது தீக்கு முன்பே யாராவது கேட்டு எழுதியிருந்தால், சட்டம் இத்தனை உயிர்களுக்காகக் காத்திருந்திருக்குமா?

புரோத்ராபூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தத் தீவுகளில் விமானம் ஆடம்பரம் அன்று. உயர் சிகிச்சைக்கும் மேற்படிப்புக்கும் தேர்வுகளுக்கும் கடலைக் கடந்தே ஆக வேண்டும். சென்னைக்குக் கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள்கள். மாற்றுத்திறனாளி ஒருவரை விமானத்திலிருந்து இறக்கினால், பெருநகரத்தில் அது ஒரு நாள் இழப்பு. இங்கே அது மருத்துவமனையில் கிடைத்த தேதியை இழப்பது. ஆனாலும் நம் வீடுகளில் இத்தகைய நிகழ்வுகள் 'என்ன செய்வது, நம் விதி' என்ற பெருமூச்சோடு முடிந்துவிடுகின்றன.

பெருமூச்சு கோப்பில் ஏறாது. தேதி, நேரம், விமான எண், பேசியவரின் பதவி, அவர் சொன்ன சொற்கள், மீறப்பட்ட விதி ஆகியவையே கோப்பில் ஏறும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அமைந்த ஆணையரிடம் முறையிடவும் இவையே வேண்டும். எழுதும்போது செயப்பாட்டு வினையைத் தவிர்த்து, செய்தவரை எழுவாயாக்குங்கள்.

தம் துயரத்தை ஊருக்குச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. உரிமை பெறுவதற்குக் கண்ணீரைச் சான்றாகக் கேட்கும் அதிகாரம் அரசுக்கும் இல்லை. ஆனால் ஒருவர் துணிந்து சொல்லிவிட்டால், அடுத்தவர் அதே கதையைச் சொல்ல நேராதபடி பார்த்துக்கொள்வது கேட்டவர்களின் பொறுப்பு.